பேஜ்மேக்கரை விடுவதற்கு முன் எழுத்தை மாற்றுங்கள்

வாசகர் கேள்வி: "ஐயா, யாங்கோன் தாமுவேயில் டைப்பிங், டிசைன் கடை நடத்துகிறேன். கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, தமிழ்ப் பள்ளிப் பாடப் புத்தகம், பர்மிய மொழியில் பில் புக், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் செய்கிறோம். இரண்டு கணினிகள், இரண்டிலும் விண்டோஸ் 10, ராம் 4 ஜிபி. பேஜ்மேக்கர் 7, போட்டோஷாப், கோரல் டிரா, எம்எஸ் ஆபீஸ் எல்லாமே கிராக் போட்டவை (காசு கொடுக்காமல் பூட்டு உடைத்தவை). போன மாதம் கிராக் ஃபைலோடு வந்த வைரஸ் ஒரு கணினியில் இருந்த ஃபைல்களைப் பூட்டிவிட்டது. பணம் கட்டி வாங்கலாம் என்றால் வெளிநாட்டுக்குக் கட்டக்கூடிய கார்டு என்னிடம் இல்லை. தமிழை பாமினியில் அடிக்கிறோம். பர்மியம் பாதி வின் இன்வா, பாதி ஸோஜி எழுத்துருவில். இலவச மென்பொருளுக்கு மாறினால் பழைய ஃபைல் திறக்குமா? அச்சகக்காரர் ஏற்றுக்கொள்வாரா? விண்டோஸையே விட்டு ஒரேயடியாக லினக்ஸுக்குப் போய்விடட்டுமா? கரண்ட் வேறு முறைவைத்துத்தான் வருகிறது."

பதில்:

அன்புச் சகோதரருக்கு, லினக்ஸ் பற்றிய கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடைக்கு மென்பொருளை மாற்றுவது இரண்டாவது வேலைதான். முதல் வேலை எழுத்தை மாற்றுவது. அதைச் செய்யாமல் புது மென்பொருளைப் போட்டால் ஒரு வாரத்தில் அலுத்துப்போய்ப் பழையதற்கே திரும்பிவிடுவீர்கள்.

காரணம் இதுதான். பாமினியில் அடித்த ஃபைலுக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பாமினி என்ற எழுத்துரு அவற்றைத் தமிழ் உருவில் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் அதே ஃபைல் பொருளற்ற ஆங்கில வரிசையாகத் தெரியும். வின் இன்வாவும் இதே வகை. ஸோஜி கொஞ்சம் வேறு: யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரம்) பர்மியத்துக்கு ஒதுக்கிய இடத்தையே எடுத்துக்கொண்டு, அதில் தன் வழியில் எழுத்துகளை அடுக்கியது. அதனால் ஸோஜி எது, யூனிகோடு எது என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. நாட்டில் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிய நாள் 2019 அக்டோபர் 1. இருந்தும் கடைகளில் பழைய ஃபைல்கள் பழைய எழுத்திலேயே கிடக்கின்றன. லிப்ரே ஆபீஸ், ஸ்கிரைபஸ், இன்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்கள் எல்லாம் யூனிகோடு தமிழையும் பர்மியத்தையும் நன்றாகக் கையாளும். உள்ளே இருப்பது தமிழே இல்லாதபோது அவற்றால் என்ன செய்ய முடியும்?

முதல் நாள் வேலை. வைரஸ் தாக்கிய கணினியில் எதையும் பழுது பார்க்காதீர்கள். டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களை மட்டும் ஒரு தனி டிஸ்கில் எடுத்து வைக்கலாம், பிற்பாடு சாவி கிடைக்கும் வாய்ப்பு சிலவற்றுக்கு உண்டு. நிறுவும் ஃபைல் எதையும் அதிலிருந்து எடுத்து வராதீர்கள். அடுத்த கணினியின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, பேஜ்மேக்கரும் கோரலும் இன்னும் ஓடும்போதே உங்கள் சொந்த வேலைகளை வெளியே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பிரதி வேண்டும்: ஒன்று பிடிஎஃப், கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொன்று எழுத்து மட்டும். பேஜ்மேக்கரில் எழுத்தின் மேல் கர்சரை வைத்து 'ஃபைல் → எக்ஸ்போர்ட் → டெக்ஸ்ட்' போய் ஆர்டிஎஃப் வடிவில் சேமியுங்கள். ஆர்டிஎஃப் முக்கியம், ஏனென்றால் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் அதில் தங்கும். அது பிறகு கை கொடுக்கும். கோரல் வேலைகளைப் பிடிஎஃப், எஸ்விஜி (கோட்டு ஓவிய வடிவம்) இரண்டிலும் எடுங்கள்.

எல்லா ஃபைலையும் மாற்ற நினைக்க வேண்டாம். வருடா வருடம் திரும்பி வருபவை எவை? பங்குனி உத்திர நோட்டீஸ், தீமிதி நோட்டீஸ், பள்ளிப் பாடப் புத்தகம், வாடிக்கைக் கடைகளின் பில் புக். இவை மட்டும் மாறட்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்பாகக் கிடந்தால் போதும்.

பாமினியை மாற்ற என்ஹெச்எம் கன்வர்ட்டர் நல்ல கருவி. இலவசம்தான், மூல நிரல் திறந்ததல்ல. பாமினி, டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய முறைகளிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டு வரும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, முழுப் பக்கத்தையும் ஒட்டுமொத்தமாக ஒட்டுவது. நோட்டீசில் இருக்கும் ஆங்கிலப் பெயர், முகவரி, பர்மியச் சொல் எல்லாவற்றையும் கருவி பாமினி என்று நினைத்துத் தமிழ்க் குப்பையாக்கிவிடும். ஆர்டிஎஃப் ஃபைலை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் திறந்து, 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' பெட்டியில் தேடும் சொல்லைக் காலியாக விட்டு, 'ஃபார்மேட்' பொத்தானில் எழுத்துரு பாமினி என்று கொடுத்து 'ஃபைண்ட் ஆல்' அழுத்துங்கள். பாமினியில் உள்ளவை மட்டும் தேர்வாகும். அவற்றுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டால், எந்தப் பத்தியை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று பளிச்சென்று தெரியும். பிறகு பத்தி பத்தியாக மாற்றுங்கள்.

மாற்றியபின் மெய்ப்பு பார்க்கும்போது ஒரு பிழையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதியும் 'ள' எழுத்தும் ஒரே குறி. கருவிக்கு எது எது என்று தெரியாது. அதனால் சௌபாக்கியவதி 'செளபாக்கியவதி' ஆகும், பௌர்ணமி 'பெளர்ணமி' ஆகும், கௌரி, மௌனம், பௌத்தம் எல்லாம் இதே கதி. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் அச்சில் தப்பிவிடும். தேடினால் கிடைக்காது, வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது அசிங்கமாகத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயருக்கு முன்னால் வரும் சொல்லே தப்பாக இருந்தால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். ஆனால் 'ெள' வரும் இடத்தையெல்லாம் 'ௌ' ஆக்கினால் வெள்ளிக்கிழமையும் தெளிவும் கெட்டுப்போகும். வித்தியாசம் இதுதான்: வெள்ளி, தெளிவு, வெளியீடு போன்ற சொற்களில் 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருக்கும், ஔகாரப் பிழையில் அடுத்த மெய்யெழுத்து நேரே வந்துவிடும். ரைட்டரின் தேடல் பெட்டியில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' என்பதை டிக் செய்து, தேடும் இடத்தில்

ெள(?=[க-ஹ])

என்றும், மாற்றும் இடத்தில் ௌ என்றும் கொடுங்கள். 'ரீப்ளேஸ் ஆல்' வேண்டாம். ஒன்றொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், 'வெளவெள' போன்ற சொற்கள் இடையில் வரலாம்.

'ஸ்ரீ' இன்னொரு இடம். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதுகிறார்கள்: ஸ-வில் தொடங்கி ஒன்று, ஶ-வில் தொடங்கி ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவாகத் தெரியும், சிலவற்றில் ஒன்று மட்டும் உடைந்து நிற்கும். கோயில் நோட்டீசில் முதல் வரியே அதுதான் என்பதால், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் சரியாக வரும் ஒன்றையே ஃபைல் முழுக்க வையுங்கள்.

பர்மியத்துக்கு வருவோம். ஸோஜியை மாற்ற ராபிட் கன்வர்ட்டர் உண்டு, திறந்த மூலம். ஏற்கெனவே யூனிகோடில் இருக்கும் பர்மியத்தை மறுபடி இதில் போட்டால் எழுத்து சிதைந்துவிடும்; அதை அப்படியே பின்னோக்கி எடுக்கவும் முடியாது. ஆகவே மாற்றுமுன் சோதனை: எழுத்தைத் தேர்வு செய்து பீதாவுன்சு அல்லது நோட்டோ சான்ஸ் மியன்மா என்ற யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்துப் பாருங்கள். புள்ளி வட்டங்கள் தெரிந்து, உயிர்க்குறிகள் இடம் மாறி நின்றால் அது ஸோஜி. ஒழுங்காகத் தெரிந்தால் யூனிகோடு, தொடாதீர்கள். மாற்றி முடித்த ஃபைலின் பெயரிலேயே 'யூனி' என்று சேர்த்துவிடுங்கள், கடையில் வேறு யாரும் மறுபடி மாற்றிவிடாமல் இருக்க. வின் இன்வா ஃபைல்கள் இந்தக் கருவியில் மாறாது, அவற்றுக்கு வின் வகைக்கென்று உள்ள மாற்றி வேண்டும். பில் புக் மாதிரி நாலு வரி வேலை என்றால் புதிதாக அடித்துவிடுவதே வேகம். எல்லாம் முடிந்தபின் ஸோஜி எழுத்துருவைக் கணினியிலிருந்து நீக்குங்கள். அது இருக்கும்வரை சில மென்பொருள்கள் யூனிகோடு பர்மியத்துக்கும் அதையே எடுத்துப் போட்டு, சரியான எழுத்தையும் தப்பாகக் காட்டும்.

டைப் அடிப்பவர்கள் கை பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. இகலப்பை என்ற டைப்பிங் கருவியில் தமிழ்99, தட்டச்சு, பாமினி எல்லா வரிசையும் உண்டு. பாமினி வரிசையில் அடித்தாலும் ஃபைலில் விழுவது யூனிகோடு. பர்மியத்துக்கு விண்டோஸ் 10-லேயே 'மியன்மா விஷுவல் ஆர்டர்' கீபோர்டு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்துப் பழகியவர்களுக்கு அதுதான் ஒத்து வரும்.

இனி மென்பொருள்.

ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. ஓப்பன் ஆபீஸும் இன்னும் இறக்கக் கிடைக்கிறது, ஆனால் வளர்ச்சி லிப்ரேயில்தான், அதையே போடுங்கள். போட்டவுடன் செய்ய வேண்டியது: 'டூல்ஸ் → ஆப்ஷன்ஸ்' போய் மொழிப் பிரிவில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை இயக்குங்கள். தமிழும் பர்மியமும் இந்த வகையில் சேர்ந்தவை. ஸ்டைலில் எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாம் ஆங்கிலத்துக்குத் தனி, இவற்றுக்குத் தனி. 'அளவை 14 வைத்தேன், தமிழ் மட்டும் 12-லேயே நிற்கிறது' என்று பலர் குழம்புவது இதனால்தான். மேல் பெட்டியில் மாற்றிவிட்டுக் கீழ்ப் பெட்டியை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழும் பர்மியமும் ஒரே பெட்டியில் வருவதால், ஒரே பத்தியில் இரண்டும் இருந்தால் ஒரு ஸ்டைல் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு கொடுக்காது. பர்மியத்துக்கென ஒரு 'கேரக்டர் ஸ்டைல்' உருவாக்கி, பர்மியச் சொற்களுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்.

வேர்டு ஃபைல்களில் வரி நகர்ந்துவிடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். கலிப்ரிக்கு அதே அகலமுள்ள கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் ஆகியவை லிப்ரே ஆபீஸோடு சேர்ந்தே வரும். தமிழுக்கு அப்படி ஈடு எதுவும் இல்லாததால், அனுப்புபவர் பயன்படுத்திய எழுத்துரு உங்களிடம் இருந்தாக வேண்டும். நீங்கள் அனுப்பும்போது 'ஃபைல் → ப்ராப்பர்டீஸ் → ஃபாண்ட்' போய் எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பதித்துவிடுங்கள்.

பேஜ்மேக்கருக்கு மாற்று ஸ்கிரைபஸ். 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு கட்டாயம். பழைய 1.4-ல் தமிழ் உயிர்க்குறிகள் பிரிந்து பிரிந்து நிற்கும். அதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு 'ஸ்கிரைபஸில் தமிழ் வராது' என்று கைவிட்டவர்கள் நிறைய. பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களை ஸ்கிரைபஸும் லிப்ரே ஆபீஸ் டிராவும் திறக்கும், ஆனால் படத்தோடு துண்டு துண்டு எழுத்தாகத்தான் கிடைக்கும். தொடர்ந்து வேலை செய்யும் அளவுக்கு வராது. அளவும் இடமும் பார்க்க உதவும். எனவே பக்கத்தைப் புதிதாகவே அமையுங்கள். பிடிஎஃப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யூனிகோடாக்கிய எழுத்தை ரைட்டரில் சேமித்து, ஸ்கிரைபஸில் எழுத்துச் சட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து 'கெட் டெக்ஸ்ட்' வழியாக உள்ளே எடுங்கள். ஒரு பக்க நோட்டீஸ் ஒரு மணி நேரத்து வேலை. அடுத்த வருடம் தேதி மாற்றினால் போதும்.

ஸ்கிரைபஸ் எழுத்துரு விஷயத்தில் கறாரானது. தேர்ந்த எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையென்றால் வேறொன்றிலிருந்து கடன் வாங்காது, வெற்றுப் பெட்டி விழும். ஆகவே தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றுக்கும் மூன்று கேரக்டர் ஸ்டைல் முதலிலேயே உருவாக்கி வையுங்கள். பர்மியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாததால் வரி எங்கே மடங்கும் என்பதைக் கவனியுங்கள். தப்பான இடத்தில் மடங்கினால், மடங்க வேண்டிய இடத்தில் 'இன்சர்ட்' பட்டியிலிருந்து அகலமில்லாத இடைவெளியைச் செருகுங்கள்.

எழுத்துருவுக்குக் குறைவில்லை. நோட்டோ செரிஃப் தமிழ் பாடப் புத்தகத்துக்கு ஏற்றது. முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை நோட்டீசுக்கு நன்றாக இருக்கும். தலைப்புக்கு பலூ தம்பி, அழைப்பிதழுக்கு கவிவனார். எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை. விற்பனை வேலைக்கும் பயன்படுத்தலாம், பிடிஎஃப்பிலும் பதிக்கலாம்.

அச்சகக்காரர் ஏற்பாரா என்று கேட்டீர்கள். பேஜ்மேக்கர் ஃபைலையே கேட்பார்கள், அவர்களிடம் அதுதான் ஓடுகிறது என்பதால். நீங்கள் கொடுக்க வேண்டியது அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ வகை. எழுத்துரு உள்ளே பதிந்திருக்கும், நிறம் முழுக்க சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு அச்சு மைகள்) அல்லது தனி நிறமாகவே இருக்கும், எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி திறக்கும். ஸ்கிரைபஸில் இதை எடுக்க இரண்டு நிபந்தனை. ஒன்று, 'கலர் மேனேஜ்மெண்ட்' இயக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தேர்வே பட்டியலில் வராது. இரண்டு, ஏற்றுமதிப் பெட்டியின் 'ப்ரீ-பிரஸ்' பகுதியில் 'இன்ஃபோ ஸ்ட்ரிங்' என்ற கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டும். வேலையின் பெயர் போதும். அது காலியாக இருந்தால் சேமிக்கும் பொத்தான் மங்கலாகவே நிற்கும். ஏன் என்றும் சொல்லாது. ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் ஓரம்) நான்கு பக்கமும் 3 மிமீ, வெட்டுக்குறிகளை டிக் செய்யுங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற துணை மென்பொருளையும் நிறுவிக்கொண்டால் 'பிரிண்ட் ப்ரிவ்யூ'வில் நான்கு மைக்கான நான்கு பிளேட்டையும் தனித்தனியே பார்க்கலாம்.

அந்த பிளேட் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். இலவச மென்பொருளுக்கு மாறுபவர்கள் அச்சில் அடிவாங்குவது பெரும்பாலும் இங்கேதான். படம் திருத்தும் கிம்ப்பும் கோட்டு ஓவியத்துக்கான இன்க்ஸ்கேப்பும் அடிப்படையில் ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை). அவற்றில் போட்ட கறுப்பு, அச்சுக்குப் போகும்போது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் கலந்த கறுப்பாக மாறிவிடும். பெரிய தலைப்பில் தெரியாது. 9 பாயிண்ட் தமிழ் எழுத்தில், ஒரு பிளேட் இம்மி நகர்ந்தாலும் புள்ளிகளும் சுழிகளும் நிற விளிம்போடு மங்கிப்போகும். அதனால் எழுத்தை ஸ்கிரைபஸில் மட்டுமே போடுங்கள், அதிலும் நிறப் பட்டியலில் 'பிளாக்' என்பதை. 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று இன்னொரு கறுப்பு இருக்கும். அது வெட்டுக்குறிகளுக்கானது, நான்கு பிளேட்டிலும் முழு அளவில் விழும். இன்க்ஸ்கேப்பில் வரைந்த கோலமோ ஓரமோ எஸ்விஜி ஆக உள்ளே வரும்போது அதன் நிறங்கள் 'ஃப்ரம்எஸ்விஜி' என்று தொடங்கும் பெயர்களில் பட்டியலில் சேரும். 'எடிட் → கலர்ஸ் அண்ட் ஃபில்ஸ்' போய் அதில் கறுப்பை நீக்குங்கள். எதை வைத்து மாற்ற என்று கேட்கும், 'பிளாக்' கொடுங்கள். முதல் இரண்டு வேலைகளுக்கு அச்சகக்காரரிடமே பிளேட் எடுக்குமுன் ஒரு பிரதி காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை சரியாக வந்துவிட்டால் பிறகு அவரே பிடிஎஃப் கேட்பார்.

கோரலுக்கு இன்க்ஸ்கேப். கோரலின் சிடிஆர் ஃபைல்களைத் திறக்கும். நிழல், கண்டூர், பவர்கிளிப் போன்றவை குலையக்கூடும். முன்பே எடுத்துவைத்த பிடிஎஃப், எஸ்விஜி பிரதிகள் அதற்குத்தான். ஃப்ளெக்ஸ் பேனரை இன்க்ஸ்கேப்பிலேயே வரையுங்கள், கோட்டு ஓவியத்துக்கு அளவு ஒரு பொருட்டல்ல. படத்தோடு சேர்த்து கிம்ப்பில் செய்தே ஆக வேண்டுமென்றால் 10 அடிக்கு 4 அடி பேனருக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி போதும்: 8640-க்கு 3456 பிக்சல். 300-ல் தொடங்கினால் 4 ஜிபி ராம் திணறும்.

போட்டோஷாப்புக்கு கிம்ப் 3; இது 2025 மார்ச்சில் வந்தது, விண்டோஸ் 10-க்குக் குறைந்ததில் ஓடாது. போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும், லேயர்கள் வரும், லேயர் எஃபெக்டுகள் எல்லாம் அப்படியே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். 'சேவ்' கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் மட்டும்தான். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்'. பாஸ்போர்ட் போட்டோ 35-க்கு 45 மிமீ என்றால் 300 புள்ளியில் 413-க்கு 531 பிக்சல். 4-க்கு 6 அங்குலத் தாளைப் படுக்கையாக வைத்தால் 1800-க்கு 1200. அதில் நான்கு, இரண்டு வரிசை என எட்டுப் படம் நிற்கும், வெட்ட இடைவெளியும் கிடைக்கும். 'ஸ்கேல் இமேஜ்', 'பிரிண்ட் சைஸ்' இரண்டையும் குழப்பாதீர்கள்: முன்னது பிக்சலையே மாற்றும், பின்னது அச்சில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை மட்டும்.

சில்லறைகள்: வின்ரார் இடத்தில் 7-ஜிப், பிடிஎஃப் பார்க்க சுமத்ரா, பிடிஎஃப் பக்கங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் பிடிஎஃப் அரேஞ்சர், கல்யாண வீடியோவுக்கு கேடன்லைவ்.

கரண்ட் விஷயத்தில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. லிப்ரே ஆபீஸில் 'லோட்/சேவ் → ஜெனரல்' பக்கத்தில் மீட்புத் தகவல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும், 3 ஆக்குங்கள். அதே பக்கத்தில் 'எப்போதும் பேக்கப் பிரதி' என்பதையும் டிக் செய்யுங்கள். சேமித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் ஃபைல் உடைந்தாலும் முந்தைய பிரதி நிற்கும். ஸ்கிரைபஸிலும் இன்க்ஸ்கேப்பிலும் தானாகச் சேமிக்கும் வசதி அமைப்புகளில் உண்டு, அதையும் குறையுங்கள். கிம்ப்பில் அந்த வசதியே கிடையாது. போட்டோ வேலை செய்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் சேமிக்கப் பழகியே ஆக வேண்டும்.

இறக்கும்போதும் இதே தொல்லை. லிப்ரே ஆபீஸ் மட்டும் சுமார் 350 எம்பி. எல்லாம் சேர்த்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். லிப்ரே ஆபீஸ், கிம்ப் இரண்டையும் அவற்றின் தளத்திலிருந்தே டோரண்ட்டாக இறக்கலாம். கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேறு தளங்களிலிருந்தோ நண்பரின் பென் டிரைவிலிருந்தோ எடுக்காதீர்கள். கிராக் பழக்கத்தில் வந்த அதே வைரஸ் இந்த வழியிலும் வரும். எடுத்தே ஆக வேண்டிய நிலையில், 7-ஜிப் நிறுவியபின் ஃபைல்மேல் வலது கிளிக் செய்தால் எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் காட்டும். அதை அதிகாரபூர்வத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அழித்துவிடுங்கள்.

கிராக்குக்குத் திரும்பும் எண்ணம் வந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: மியன்மாவின் 2019 பதிப்புரிமைச் சட்டம் 2023 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது, கணினி நிரல்களும் அதில் அடங்கும். கடை வைத்து வருமானம் பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

லினக்ஸுக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-டன் முடிந்தது. ஆகவே என்றைக்காவது மாறத்தான் வேண்டும், ஆனால் இரண்டு கணினியிலும் ஒரே நேரத்தில் வேண்டாம். தடை பிரிண்டர்தான். கேனான் எல்பிபி 2900 போன்ற சிறு லேசர்கள் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிரிண்டர் மொழி பேசாதவை. லினக்ஸில் அவற்றின் டிரைவரை நிறுவிப் படியவைப்பது பெரும்பாடு. முதலில் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ-யைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியை இயக்கி, உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் ஓடுகின்றனவா என்று ஒரு மதியம் சோதியுங்கள். ஓடினால் டைப்பிங் கணினியை மிண்டுக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன லிப்ரே ஆபீஸ், ஸ்கிரைபஸ், இன்க்ஸ்கேப், கிம்ப் நான்கும் அதே முகத்தோடு அங்கேயும் உண்டு, ஃபைலும் அதேதான். தமிழுக்கும் பர்மியத்துக்குமான கீபோர்டுகளை மட்டும் அங்கே தனியாக அமைத்துக்கொள்ள வேண்டும். பிரிண்டர் ஓடாவிட்டால், பிரிண்டர் இருக்கும் கணினி விண்டோஸிலேயே இருக்கட்டும். அதை இணையத்திலிருந்து விலக்கி, மிண்டில் செய்த வேலையைப் பிடிஎஃப்பாக உள் நெட்வொர்க் வழியே அனுப்பி அச்சிடுங்கள். கையில் பணம் வரும்போது முதலில் வாங்க வேண்டியது இரண்டு கணினிக்கும் எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்), ராமை 8 ஜிபி ஆக்குவது. அடுத்து, லினக்ஸில் தொல்லையில்லாமல் ஓடும் போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் மொழி பேசும் பிரிண்டர்.